அலுவலகக் குறிப்பு

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு பேக்கரியின் மாடியில், தமிழ்ச்செல்வி ஒன்பது பேர் முன்னால் எழுந்து நின்றாள். கல்லூரியில் கூட அவள் அப்படி நின்றதில்லை.

"வாங்கக்கா, நீங்க செஞ்சதை நீங்களே காட்டுங்க" என்றார் சவுரிராயன்.

அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பை நடத்துகிறவர் அவர்தான். தமிழ்ச்செல்வியை விட ஐந்து வயது சின்னவர். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை சார் என்பாள்.

அவள் காட்டப் போவது ஒரு ப்ளகின். வேர்ட்பிரஸ்ஸில் போட்ட வெப்சைட்டில் இல்லாத ஒரு வசதியை நாமே எழுதிச் சேர்க்கும் சின்ன புரோகிராமுக்கு அந்தப் பெயர். திண்டிவனத்தில் அவள் மாமனார் வெங்கடாசலம் முப்பது வருடமாக நடத்தி வரும் திருமணத் தகவல் மையத்துக்கு பாண்டிச்சேரியில் யாரோ ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி மாற்றச் சொன்னாலும் ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். "நானே கத்துக்கறேன் மாமா" என்று அவள் சொன்னதையும், பி.எஸ்சி. கணக்குப் படித்துவிட்டு ஒன்பது வருடம் அடுப்பங்கரையில் நின்றவள் புதனும் சனியும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறத் தொடங்கியதையும் தொடர்ந்து வாசித்து வருகிறவர்கள் அறிவார்கள்.

ஆறு மாதமாயிற்று. யாரிடமும் கேட்காமல், ஒரு வரி கூட எங்கிருந்தும் எடுத்து ஒட்டாமல், அவள் அந்த ப்ளகினை எழுதி முடித்திருந்தாள். நட்சத்திரம், படிப்பு, ஊர் என்று தேடலாம். போட்டோ தெரியும். அதோடு, மாமனார் நேரில் விசாரித்துத் தெரிந்துகொண்ட விஷயங்களை எழுதி வைக்க 'அலுவலகக் குறிப்பு' என்று ஒரு கட்டம். அது அவருக்கு மட்டும்.

"நான் லாகின் பண்ணாம, வெளியாள் மாதிரியே காட்டறேன் சார்" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. பன்னிரண்டு பேரின் படங்கள் வரிசையாக வந்தன. முன் வரிசையில் இருந்த ஒரு பெண், "நல்லா இருக்குக்கா" என்றாள்.

"கீழே 'மேலும் காட்டு'ன்னு ஒரு பட்டன் இருக்கு. தட்டினா பக்கம் மாறாமலே அடுத்த பன்னிரண்டு பேர் வருவாங்க."

தட்டினாள். பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் படத்தின் கீழும் சாம்பல் நிறத்தில் ஒரு வரி சேர்ந்து வந்தது.

'பையன் குடிப்பான். ஞாயிறு மட்டும் என்கிறார்கள்.'

'அப்பாவுக்கு செஞ்சியில் இன்னொரு குடும்பம்.'

'பெண் ஒருமுறை ஒரு பையனோடு போய்விட்டு வந்தது. பாண்டியில் நாலு நாள்.'

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வியின் கண் ஏழாவது படத்தில் நின்றது.

'வலிப்பு. மாத்திரை உண்டு. வளவனூர் பார்ட்டியிடம் சொல்லவில்லை. பூ வைத்த பின் பார்த்துக்கொள்ளலாம்.'

படத்தில் இருந்தது பரிமளா. அவளுடைய நாத்தனார்.

சவுரிராயன் எழுந்து வந்து புரொஜெக்டரை அணைத்தார். "டீ சாப்பிட்டு வாங்க எல்லாரும்" என்றார்.

* * *

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"நிர்வாகிக்கு மட்டும் தெரியணும்னு எந்த இடத்துலக்கா எழுதினீங்க?"

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். "இதோ சார். 'இஸ் அட்மின்'னு கேட்டிருக்கேனே."

சவுரிராயன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பாக்கறவங்க அட்மினான்னு கேக்கறது இல்லக்கா. வேலை ஓடறது சைட்டோட உள்பக்கம், அட்மின் பக்கமான்னு கேக்கறது. உங்க பட்டனைத் தட்டினா, வேலை உள்பக்கமா அட்மின் வழியாத்தான் போய்ட்டு வரும். அப்ப யார் தட்டினாலும் ஆமான்னுதான் பதில் வரும்."

"யார் தட்டினாலுமா?"

"யார் தட்டினாலும்."

"நீங்க இதைச் சொல்லித் தரலையே சார்."

"இல்லக்கா" என்றார். "பேரைப் பாத்தாலே புரியும்னு விட்டுட்டேன்."

பட்டன் போட்ட அன்று அவளும் தட்டிப் பார்த்திருந்தாள். குறிப்புகள் தெரிந்தன. தான் நிர்வாகியாக உள்ளே நுழைந்திருப்பதால் தெரிகிறது என்று நினைத்துவிட்டாள். அப்படியானால் முதல் பன்னிரண்டு பேருக்கு ஏன் தெரியவில்லை என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கீழே குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது, ஓடினாள். அது பத்தொன்பது நாளைக்கு முன்பு.

ப்ளகினை நிறுத்த ஒரு சொடுக்குதான் ஆயிற்று. நிறுத்தியதும் சைட்டில் படங்கள் போய் வெறும் வெள்ளையாக ஆகிவிட்டது. வந்து போனவர்களின் பதிவை சவுரிராயன் திறந்தார். இந்தப் பத்தொன்பது நாளில் அந்த பட்டனை யார் யாரோ தட்டியிருந்தார்கள். பக்கம் பக்கமாக ஓடியது. கீழே வரைக்கும் போக அவள் விடவில்லை.

"போதும் சார்."

"கூகுள்ல இது ஏறியிருக்காதுக்கா. தட்டினாத்தான் வரும்ங்கறதால."

"செல்போன்ல படம் புடிச்சிருந்தா?"

சவுரிராயன் பதிவை மூடினார்.

ஒரு ஜவுளிக்கடையின் சைட்டுக்கு அவளையே ப்ளகின் எழுத வைக்கலாம் என்று போன சனிக்கிழமை சொல்லியிருந்தார். அவள் முதல் முறையாக வெளியாளுக்குச் செய்யப் போகும் வேலை. அதைப் பற்றி இப்போது இருவருமே பேசவில்லை. படி இறங்கும்போது அவர் வாசல் வரை வந்து, "சனிக்கிழமை வாங்கக்கா" என்றார். வரச் சொல்கிற குரலாக அது இல்லை.

* * *

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போது அவள் செல்போனை அணைத்து வைத்தாள். சைட்டில் ஆபீஸ் நம்பரோடு அவள் நம்பரும் இருந்தது; அதற்குள் தெரியாத நம்பர்களிலிருந்து நான்கு அழைப்புகள். எடுக்கத் தைரியம் வரவில்லை.

பரிமளாவின் முதல் கல்யாணம் நாற்பத்திரண்டு நாளில் முடிந்துபோன ஒன்று. கடலூரில், புருஷன் வீட்டுப் பூஜை அறையில் வலிப்பு வந்து விழுந்தாள். பெண்ணுக்கு வியாதி இருப்பதை மறைத்துவிட்டார்கள் என்று மறுநாளே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது உண்மை, வெங்கடாசலம் மறைத்துத்தான் இருந்தார். ஐந்து வருடம் கழித்து, வளவனூரில் உரக்கடை வைத்திருக்கும் சீனுவாசன் பெண் கேட்டு வந்தபோது பரிமளா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். இந்த முறை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"சொல்லிட்டேன்மா. அவங்களுக்குச் சம்மதம்" என்று வெங்கடாசலம் வந்து சொன்னார். அன்றைக்குப் பரிமளா சாப்பிடாமல் இருந்து, சந்தோஷத்தில் பசிக்கவில்லை என்று சொன்னாள். தமிழ்ச்செல்வி அதற்கு முன் அவள் வாயிலிருந்து சந்தோஷம் என்ற வார்த்தையைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். பரிமளாவின் புடவைக்கு நேற்றுத்தான் தமிழ்ச்செல்வி ஓரம் அடித்துக் கொடுத்தாள்.

திண்டிவனம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், கீழே வீடும் மாடியில் ஆபீஸுமாக இருந்த கட்டடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாடிக்குப் போனாள்.

வெங்கடாசலம் மூக்குக் கண்ணாடியோடு, இரண்டு விரலால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, சைட்டு வெறுமனே வருது?"

"நான்தான் மாமா நிறுத்தி வச்சேன். உங்க குறிப்பெல்லாம் வெளியே தெரிஞ்சிருக்கு."

"எந்தக் குறிப்பு?"

"நீங்க விசாரிச்சு எழுதினது. பத்தொன்பது நாளா. தப்பு என்னுதுதான் மாமா. ஒரு வரியைத் தப்பாப் புரிஞ்சிக்கினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாமா?"

"எல்லாம்."

"பரிமளாவுது?"

"அதுவும்தான். நான் அதை இன்னைக்குத்தான் படிச்சேன்."

வெங்கடாசலம் வாடிக்கையாளர்களிடம் நயமாகப் பேசுவார். பெண் வீட்டில் ஒன்று, பிள்ளை வீட்டில் ஒன்று சொல்லுவார். ஆனால் தனக்காக எழுதி வைக்கும்போது மட்டும் அவருக்குப் பொய் எழுத வராது. முப்பது வருடமாக நோட்டில் எழுதி, இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்.

"சொல்லிட்டேன்னு சொன்னீங்களே மாமா. அவ நம்பிக்கினு இருக்கா."

"சொன்னா வருவாங்களா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்த நாற்காலியில உக்காந்துக்கினு எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? அந்த வார்த்தையைச் சொன்னதும் ஜாதகத்தை மடிச்சுப் பையில வச்சிக்கினு எழுந்து போவாங்க. ஒருத்தர் பாக்கியில்ல. டாக்டர் படிச்சவன் வூட்லயும் அப்படித்தான். எம் பொண்ணுக்கு மட்டும் எவன் உக்காந்திருப்பான்?"

மேசை மேல் ஆபீஸ் போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"ஆமா, வெங்கடாசலம்தான்... யாரு, கூட்டேரிப்பட்டு சின்னக்கண்ணா? சொல்லும்மா."

அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது. 'பாண்டி' என்பது மட்டும் காதில் விழுந்தது, மற்ற வார்த்தைகள் புரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்லம்மா. நான் எழுதுவேனா உன் பொண்ணைப் பத்தி? எனக்கு கலைப்பிரியாவைக் குழந்தையிலேர்ந்து தெரியாதா?... அது எங்க மருமக கம்ப்யூட்டர் கத்துக்கறேன்னு என்னத்தையோ போட்டு வச்சிருக்கு. எங்கேயோ கேட்டதையெல்லாம் எழுதியிருக்கு. எனக்குத் தெரியாதும்மா. நான் கண்டிக்கறேன்."

தமிழ்ச்செல்வி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். பாண்டியில் நாலு நாள் என்ற வரி அந்தப் பெண்ணுடையது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு, அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "வேற என்ன சொல்லச் சொல்ற?"

மறுபடி போன் அடித்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் பதினேழு பேர். யாரோ செல்போனில் பிடித்த படம் காலையிலிருந்து கை மாறிக்கொண்டிருந்தது. எல்லோரிடமும் அதையே சொன்னார். ஏழெட்டுப் பேரிடம் சொன்ன பிறகு, அவருக்கே அது உண்மை போல ஆகிவிட்டது. குரலில் அவள் மேல் நிஜமான கோபம் வந்துவிட்டது.

* * *

பரிமளா எல்.கே.ஜி. டீச்சர். நாலு மணிக்கு ஸ்கூல் வேனில் வந்து இறங்கினாள். கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. "அண்ணி, இந்தாங்க மல்லாட்டை, சூடா இருக்கு" என்று நீட்டினாள்.

தமிழ்ச்செல்வி வாங்கவில்லை. அவளை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, எதையும் மறைக்காமல் சொன்னாள். தன் தப்பை முதலில் சொன்னாள். அந்தக் குறிப்பில் இருந்ததை வார்த்தை மாறாமல் பிறகு சொன்னாள்.

பரிமளா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பூ வைத்த பின் பார்த்துக்கொள்ளலாம்னா எழுதியிருக்காரு?"

"ஆமா."

"என்னத்தைப் பாத்துக்கலாம்னு?"

அவள் அழுவாள் என்று தமிழ்ச்செல்வி எதிர்பார்த்தாள். அழவில்லை. செல்போனை எடுத்து, கட்டில் மேல் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டாள். "நீங்களும் இருங்க அண்ணி. நான் சொன்னதுக்கு ஒரு சாட்சி வேணும்."

சீனுவாசன் எடுத்தார். பின்னால் யாரோ யூரியா மூட்டை கேட்கும் சத்தம்.

"நான் பரிமளா பேசறேன்."

"சொல்லுங்க."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வலிப்பு இருக்கு. தெனம் மாத்திரை போடறேன். நாலு வருஷமா வரலை. ஆனா வராதுன்னு சொல்ல முடியாது. அப்பா உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சொல்லலைன்னு இப்பத்தான் தெரிஞ்சது."

கடைச் சத்தம் குறைந்தது. அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும்ங்க."

"எப்படி?"

"உங்க சைட்டுல பாத்தேன். பத்து நாள் இருக்கும்."

பரிமளா போனையே பார்த்தாள்.

"வியாதி எனக்குப் பெருசாப் படலைங்க" என்றார் சீனுவாசன். "மொதல் சம்சாரத்தை ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில வச்சிப் பாத்தவன் நான். யாராவது சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். ஞாயித்துக்கிழமை உங்கப்பாகிட்ட நானே கேட்டேன். உடம்புக்கு ஏதாவது உண்டாங்கன்னு. ஒரு தலைவலி கூட வந்ததில்லன்னாரு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்" என்றார். அவர் அதை ஒப்புக்கொண்ட விதத்தில், தமிழ்ச்செல்விக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

"இன்னைக்குக் காலைல எங்கம்மாகிட்ட சொல்லிட்டேங்க. உங்க சைட்டுல எழுதியிருந்ததையும் காட்டினேன். அவங்க வேணாம்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். நேத்து நீங்க பேசியிருந்தா..." அதை அவர் முடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நாங்க வரலைங்க. மனசுல வச்சிக்காதீங்க."

"சரிங்க" என்றாள் பரிமளா. அவர் வைக்கும் வரை காத்திருந்தாள்.

கதவு திறந்திருந்தது. வெங்கடாசலம் எப்போது மாடியிலிருந்து இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வளவனூர் பார்ட்டி வேணாம்னுட்டாங்கப்பா" என்றாள் பரிமளா. "குறிப்புல எழுதி வச்சிக்குங்க."

அவர் திரும்பி, சுவரைத் தொட்டுத் தொட்டு மாடி ஏறினார்.

தமிழ்ச்செல்வி அவள் தோளில் கை வைத்தாள். பரிமளா அதைத் தட்டிவிடவில்லை. ஆனால் சாய்ந்துகொள்ளவும் இல்லை.

"நீங்க தப்புப் பண்ணலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது அண்ணி. மறுபடியும் ஒரு வூட்ல போய் விழுந்திருப்பேன். அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்லவும் முடியலை. உங்க மேல கோவப்படவும் முடியலை."

* * *

ஆறு மணிக்கு சுதாகர் வந்தான். தமிழ்ச்செல்வியின் கணவன். விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அப்பா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் கத்தவில்லை. கை கால் கழுவிக்கொண்டு, காபி குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

"தமிழு, இதைப் படிச்சிப் பாரு. வக்கீல் சார்கிட்ட கலந்துக்கினுதான் எழுதினேன்."

அழகான கையெழுத்து அவனுக்கு. 'இணையதளத்தில் வெளியான குறிப்புகள் யாவும் கணினிப் பயிற்சிக்காக என்னால் கற்பனையாக எழுதப்பட்டவை. அவற்றில் உண்மை ஏதும் இல்லை. நிறுவனருக்கு இது தெரியாது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன்.' கீழே அவள் பெயர் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு நாலஞ்சு குடும்பம் சேர்ந்து வர்றாங்களாம். ஸ்டேஷனுக்குப் போறோம்ங்கறாங்க. இதுல கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி குடுத்துட்டா முடிஞ்சிடும்."

"நான் எழுதலையேங்க. ப்ளகின்ல தப்பு என்னுது. அதை எழுதிக் குடுங்க, ஆயிரம் கையெழுத்து போடறேன்."

"அது யாருக்கு வேணும்? வெளியே தெரிஞ்சதைப் பத்தி யாரும் கேக்கலை. எழுதினது யாருன்னுதான் கேக்கறாங்க." அவன் குரலைத் தணித்தான். "அப்பாவுக்காக மட்டும் சொல்லலை. நல்லா யோசி. எல்லாம் கற்பனைன்னு ஆயிட்டா அந்தப் பொண்ணுங்களுக்கும் நல்லதுதானே? அவங்க வூட்ல போய் இந்தத் தாளைக் காட்டிக்கலாம். எல்லாம் பொய்யின்னு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. தாளை மறுபடி படித்தாள். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. இந்த ஊரில் இனி அவளிடம் யாரும் எந்த வேலையும் கொடுக்க மாட்டார்கள். சவுரிராயன் அடுத்த வகுப்பில் அவள் செய்த தப்பைப் பெயர் சொல்லாமல் பாடமாக நடத்துவார். மற்றவர்களுக்காவது ஒரு காகிதம் மிஞ்சும். பேனா மேசை மேலேயே இருந்தது.

"என் வலிப்பும் கற்பனையா அண்ணா?"

பரிமளா உள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுதாகர் அவளைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது தமிழ்ச்செல்வி செல்போனை அணைத்து வைத்ததை நினைத்து, போட்டாள். போட்ட மறு நிமிடமே அடித்தது. எடுத்தாள்.

"யாரு, மருமகப் பொண்ணா?" மத்தியானம் கேட்ட அதே குரல். இப்போது அதில் கோபம் இல்லை. "கூட்டேரிப்பட்டு சின்னக்கண்ணு பேசறேம்மா. எங்க கலைப்பிரியா அங்க வந்துச்சா?"

"இல்லம்மா. ஏன்?"

"காலைல பிரவுசிங் சென்டர் போச்சு. சைட்டுக்காரங்களுக்கு எழுதிட்டேன்னு அதும் தம்பிகிட்ட சொல்லிட்டு பஸ் ஏறியிருக்கு. அப்பப் போனதும்மா. போனை வூட்லயே வச்சிட்டுப் போயிருக்கு. உங்களைத் தேடித்தான் வந்திருக்கும்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன்."

தமிழ்ச்செல்வி மாடிக்கு ஓடினாள். வெங்கடாசலம் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டரில் மையத்துக்கு வரும் கடிதங்களைத் திறந்தாள். காலை பதினொன்று பத்துக்கு வந்தது ஒன்று, யாரும் படிக்காமல் கிடந்தது. பிரவுசிங் சென்டரில் யாரையோ தமிழில் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். பிழையில்லாமல் இருந்தது.

'பதிவு எண் 268. கலைப்பிரியா. என் விவரத்தையும் போட்டோவையும் எடுத்துவிடவும். நாலு நாள் இல்லைங்க, ரெண்டு நாள்தான். அவன் வரவே இல்லை. பாண்டி பஸ் ஸ்டாண்டில் லேடீஸ் உட்காரும் இடத்தில் தனியாகத்தான் இருந்தேன். அதைத் திருத்தி எழுத முடியுமா?'

அவள் பின்னால் நின்று வெங்கடாசலமும் படித்தார். "எனக்கு நாலு நாள்னுதான் சொன்னாங்க" என்றார் மெல்ல. அவள் அவரைத் தாண்டிப் படி இறங்கினாள்.

கீழே வந்து பர்ஸை எடுத்துக்கொண்டாள். மேசை மேல் தாள் அப்படியே இருந்தது.

"எங்க போற?" என்றான் சுதாகர். "நீ போனா எல்லாரும் உன் மேலதான் பாய்வாங்க. நாளைக்கு வர்றாங்கல்ல, அப்பப் பேசிக்கலாம். இதுல கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயேன்."

"வந்து சொல்றேங்க."

"போடறேன்னா, மாட்டேன்னா?"

"தெரியலைங்க. நிஜமாவே தெரியலை."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பரிமளாவும் வந்து பக்கத்தில் செருப்பு மாட்டினாள். மேம்பாலத்துக்குக் கீழே விழுப்புரம் போகும் பஸ் நின்றிருந்தது. உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கூட்டேரிப்பட்டு ரெண்டு" என்றாள் தமிழ்ச்செல்வி.

பஸ் ஊரைத் தாண்டியதும் அவள் கையில் இருந்த போன் அடித்தது. சின்னக்கண்ணுவின் நம்பர். தமிழ்ச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு தடவை, ஐந்து தடவை அடித்தது. பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

பரிமளா அதை அவள் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள். "சொல்லுங்கம்மா" என்றாள். இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பெண் கிடைத்துவிட்டாள் என்ற அழுகையா, இல்லை வேறா என்று பஸ் இரைச்சலில் அவளுக்குப் புரியவில்லை. "அம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள். "கேக்கலை. மறுபடியும் சொல்லுங்க."